எடுத்துக் கொடுக்காமல் இருப்பது

அட்டையில் நான்கே எழுத்து. அக்கா ஆள்காட்டி விரலை முதல் எழுத்துக்குக் கீழே வைத்தார். "த..." என்றார். விரல் நகர்ந்தது. "க... ர..." நின்றுவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து. "தக்... தக்கர..." உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. நெற்றியில் வியர்வை. எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"தக்கரம்... தக்கரம்..." இன்னும் கொஞ்ச நேரம். அப்புறம் தலையைச் சட்டென்று நிமிர்த்தினார். "தகரம்! எங்க வீட்டுக் கூரை, தம்பி!"

அவருக்கு வயது 58. எழுத்துக் கூட்டி, யாரும் சொல்லித் தராமல், அவராகவே படித்த முதல் சொல் அது. அந்த அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்று வருடமாக, வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம், பெரியவர்களுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். பகலில் அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை. இருபது வருடமாகக் கையில் சிவப்புப் பேனா. பிழையைக் கண்டால் உடனே வட்டம் போட்டுத் திருத்துவதுதான் என் பிழைப்பு. எழுத்தோடு இவ்வளவு காலம் இருந்தவனுக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுப்பது சுலபமாக இருக்கும் என்று நம்பித்தான் போனேன். நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். அதற்கு எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. எடுத்துக் கொடுக்காமல் இருக்க வேண்டும்.

ஆரம்பத்தில் செய்த பெரிய தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கான அரிச்சுவடி ஒன்றை வாங்கிக்கொண்டு போய், அ அணில், ஆ ஆடு என்று தொடங்கினேன். முதல் வரிசையில் ஓர் அண்ணன். சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர், ஐம்பதைத் தொட்ட வயது. அவர் கையில் அணில் படம் போட்ட புத்தகம். அவர் அதை மடியில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டார். மறுநாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. நானே கிடங்கு வாசலில் போய் நின்றேன். "என் பேத்தி அந்தப் புத்தகத்தைத்தான் வச்சிருக்கா சார்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

அவருக்கு என்ன படிக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். எந்த மூட்டை எந்த லாரிக்கு என்று தினமும் காலையில் ஒரு சீட்டு வருமாம். கூட வேலை செய்கிறவர் படித்துச் சொல்வார், இவர் ஏற்றுவார். சரக்கை மூட்டைத் தையல் நூலின் நிறத்தை வைத்து அடையாளம் வைத்திருந்தார். ஒரு நாள் நூல் மாறிவிட்டது. பன்னிரண்டு மூட்டை தப்பான லாரியில் போய், அந்தக் கூலியை இவர் கணக்கில் பிடித்துவிட்டார்கள். "சீட்டைப் பாத்திருக்கலாமேன்னு கேட்டாங்க. கண்ணாடி கொண்டுவரலைன்னு சொல்லிட்டேன்" என்றார். படிக்கத் தெரியாது என்பது அங்கே யாருக்கும் தெரியாது.

இந்தக் 'கண்ணாடி கொண்டுவரலை' என்பதை எத்தனை பேர் வாயால் கேட்டிருக்கிறேன்! வங்கியில், மருத்துவமனையில், பள்ளிக்கூடத்தில் படிவம் நீட்டும் இடத்தில். சிலர் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு போவார்கள், எழுத முடியவில்லை என்று சொல்ல வசதியாக. கைநாட்டு என்ற சொல்லை ஊரில் வசவாகவே பயன்படுத்துகிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்காமல் இருக்க ஒரு மனிதர் நாற்பது வருடம் எவ்வளவு யோசித்து, எவ்வளவு கவனமாக நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது! அந்த மூளையைத்தான் 'மண்டையில் ஏறாது' என்று அவர்களே திட்டிக்கொள்கிறார்கள். எனக்கு இதில் தாங்க முடியாத கோபம் உண்டு. அவர்கள் மேல் இல்லை.

கண்ணாடி விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மேலே சொன்ன அக்கா முதல் ஆறு வாரம் ஒன்றுமே நகரவில்லை. நேற்றுப் படித்த எழுத்தை இன்று தெரியவில்லை என்பார். ப-வையும் ம-வையும் மாற்றி மாற்றிச் சொல்வார். ஒரு நாள் கவனித்தேன், புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்திருந்தார். என் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு பக்கத்தைப் பார்த்தவர் ரொம்ப நேரம் பேசவில்லை. "எழுத்து இவ்வளவு கறுப்பாவா இருக்கும்?" என்று கேட்டார்.

வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் கிட்டப் பார்வை மங்குவது எல்லோருக்கும் வருவதுதான். படித்தவர்களுக்குச் செய்தித்தாள் காட்டிக்கொடுத்துவிடும். படிக்காதவர்களுக்கு ஊசியில் நூல் கோக்கும்போது தெரிந்தால் உண்டு. ஆறு வாரம் அந்த அம்மாள் தனக்கு அறிவு இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். இப்போது யார் புதிதாக வந்தாலும் எழுத்துக்கு முன்னால் கண்ணைத்தான் பார்க்கிறோம். பாடத்தாளையும் 24 புள்ளி அளவில் அச்சடிக்கிறேன்.

அணில் புத்தகத்தை விட்ட பிறகு எங்கே தொடங்குவது? இதற்கு ஏற்கெனவே ஒருவர் வழி போட்டு வைத்திருந்தார். பிரேசிலில் பாவ்லோ ஃப்ரெய்ரே. 1963-ல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் 300 கூலித் தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் முயற்சியை நடத்தியவர். அவர்கள் வாயில் புழங்குகிற சொல்லைத்தான் எடுத்துக்கொள்வார். 'திஜோலோ' என்று ஒரு சொல், செங்கல் என்று அர்த்தம். அதை அசை அசையாகப் பிரித்து, ஒவ்வோர் அசைக்கும் அதன் குடும்பத்தை, த, தே, தி, தோ, து என்கிற மாதிரி, எழுதிக் காட்டுவார். அந்தத் துண்டுகளை மாற்றி மாற்றிச் சேர்த்து, கற்பவர்களே புதுச் சொல் கண்டுபிடிப்பார்கள். அப்போது பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஓட்டுரிமை கிடையாது. அதனால் இது வெறும் எழுத்து விஷயமாக இருக்கவில்லை. 1964-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் அடைத்தார்கள், பிறகு நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று.

இந்த முறையைப் படித்தபோது, தமிழுக்கென்றே செய்தது மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. நம் உயிர்மெய் வரிசையே அந்தக் குடும்பம்தான். செங்கல்லில் தொடங்கினால் ஒற்றைக்கொம்பு வந்துவிடும், அதனால் தகரம். அச்சகத்தில் மிஞ்சும் அட்டைத் துண்டில் த, க, ர, ம, ம் என்று தனித்தனியாகப் பெரிதாக எழுதிக்கொண்டு போனேன். கலைத்துப் போட்டால் மரம், தரம், கரம், ரகம், ரதம், மதம். மூட்டை தூக்கும் அண்ணன் தரையில் உட்கார்ந்து அந்த அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி அடுக்கிப் பார்த்து, ஒரே சாயங்காலத்தில் ஏழு சொல் கண்டுபிடித்தார். ஏழாவது 'மகரம்'. அதற்கு அர்த்தம் அவருக்குத் தெரியாது. ஆனாலும் சரியாகப் படித்தார்.

தமிழில் 247 எழுத்து என்று முதல் நாளே சொல்லிவிடக் கூடாது. உண்மையில் அத்தனை உருவத்தைப் படிக்க வேண்டியதும் இல்லை. கால் எங்கே வந்தாலும் கால்தான்: கா, பா, மா. மேல்விலங்கும் ஏறக்குறைய அப்படியே: கி, பி, மி. உகர வரிசைதான் கஷ்டம். கு, சு, டு, து, நு, ரு என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும். அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். புள்ளியை மட்டும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அந்தச் சின்னப் புள்ளி இருந்தால் ஓர் ஒலி, இல்லாவிட்டால் வேறு ஒலி என்பது புரிய ஒரு வாரமாவது ஆகும்.

கொம்பு வரும்போது எல்லோரும் ஒரு தடவை திகைத்து நிற்பார்கள். இடமிருந்து வலமாகப் படி என்று சொல்லிவிட்டு, 'பெ' எழுதிக் காட்டினால் என்ன ஆகும்? கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் ஒலியோ ப-வுக்குப் பிறகு வருகிறது. "முன்னாடி நிக்கிறவன் பின்னாடி பேசுறானா சார்?" என்று அந்த அண்ணன் கேட்டார். இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது. இப்போது நானும் புதியவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

இன்னொரு பெரியவர், சின்ன வயதில் இரண்டாம் வகுப்போடு நின்றவர். அவருக்கு 'லை' பிடிபடவே இல்லை. "அப்பல்லாம் இதுக்குத் தும்பிக்கை இருக்கும்" என்றார். கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. ணை, லை, ளை, னை எல்லாம் முன்பு மேலே சுழித்த கொம்போடுதான் எழுதப்பட்டன. 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகுதான் இப்போதைய வடிவம் வந்தது. ஐம்பது வருடமாக எழுத்தே படிக்காத ஒருவர் மனசில் அந்தத் தும்பிக்கை அழியாமல் இருந்திருக்கிறது. அவர் மறந்துபோனவர் இல்லை, எழுத்துதான் மாறிவிட்டது. அதைச் சொன்னதும் அவர் முதுகு நிமிர்ந்ததைப் பார்த்தேன்.

சரி, எடுத்துக் கொடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

தகரம் என்று எழுதியிருப்பதில் இருக்கும் க-வை நாம் பக்கம் என்பதில் சொல்வது மாதிரி சொல்வதில்லை. தங்கம் என்பதில் அது இன்னொரு ஒலி. ஒரே எழுத்து, மூன்று விதமான சத்தம். தமிழ் பேசி வளர்ந்த யாருக்கும் இதை யாரும் சொல்லித் தந்ததில்லை, காது தானாகச் செய்கிறது. ஆனால் எழுத்துக் கூட்டும்போது முதலில் வருவது 'தக்கரம்' மாதிரி ஒரு கரடுமுரடான ஒலிக்கூட்டம். அதை வாய்க்குள் உருட்டி உருட்டி, காது அதை வாங்கி, தனக்குத் தெரிந்த ஆயிரக்கணக்கான சொற்களில் எது என்று தேடி, 'தகரம்' என்று எடுத்துத் தர வேண்டும். அந்தத் தேடலுக்குத்தான் நேரம் ஆகிறது. வெளியே இருந்து பார்த்தால் அவர் திணறுகிற மாதிரி தெரியும். உண்மையில் படிப்பது என்கிற காரியமே அந்தச் சில நொடிகளில்தான் நடக்கிறது. அந்த நேரம் பார்த்து நான் 'தகரம்' என்று சொல்லிவிட்டால், அந்த வேலையை அவருக்காக நான் செய்து முடித்துவிட்டேன் என்று ஆகிறது. அவர் "ஆமா, தகரம்" என்று திருப்பிச் சொல்வார். வாய்தான் சொல்லியிருக்கும்.

முதல் வருடம் முழுக்க அப்படித்தான் செய்தேன். வகுப்பு வேகமாகப் போனது. எல்லோரும் பக்கம் பக்கமாகப் 'படித்தார்கள்'. அது என்ன லட்சணத்தில் இருந்தது என்று ஒரு பாட்டுதான் காட்டிக்கொடுத்தது. அக்காவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு பாட்டை அவர் கேட்டார் என்று அச்சடித்துக் கொடுத்தேன். விரல் வைத்துக் கணீரென்று படித்தார். சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் விரலைக் கவனித்தேன். வாய் மூன்றாம் வரியில் இருக்கிறது, விரல் இரண்டாம் வரியின் நடுவில் நிற்கிறது. அவர் ஏமாற்றவில்லை. அவர் மனசார அதைப் படிப்பு என்றே நினைத்தார், ஏனென்றால் நான் சொல்லச் சொல்ல நினைவில் வைத்துத் திருப்பிச் சொல்வதைத்தான் அதுவரை படிப்பு என்று காட்டியிருந்தேன். எழுதி வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு ஞாபகசக்தி அபாரமாக இருக்கும். அவர்களுக்கு எல்லாவற்றையும் தலையில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சக்தி முன்னால் ஓடி வந்து எழுத்தை மறைத்துவிடுகிறது.

அன்றைக்கு இரவு தூக்கம் வரவில்லை. ஒரு வருடத்தை வீணாக்கிவிட்டேனே என்று இருந்தது. அடுத்த வாரம் அந்தப் பாட்டின் சொற்களைத் தனித்தனியாக வெட்டிக் கலைத்துக் கொடுத்தேன். நான் வாயைத் திறக்கவில்லை.

காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். மனசுக்குள் எண்ணுவேன். பத்து வரை. சில சமயம் முப்பது வரை. அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், பார்த்தால் விடையை என் முகத்தில் தேடுவார். நானும் எழுத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். உண்மையிலேயே வழியில்லாமல் நிற்கிறார் என்று தெரிந்தால், சொல்லைச் சொல்லாமல், "இந்த எழுத்து வேற எங்க பாத்தோம்?" என்று மட்டும் கேட்பேன். சிவப்புப் பேனாவை அச்சகத்திலேயே வைத்துவிட்டு வருகிறேன்.

பேனாவை விட்டது மட்டும் போதவில்லை. 'நான் நேற்று வேலைக்குப் போகவில்லை' என்று ஒரு வாக்கியம். அக்கா ஒவ்வோர் எழுத்தாகப் படித்து முடித்துவிட்டு, "அப்படின்னா என்ன தம்பி?" என்று கேட்டார். போகவில்லை என்று அவர் வாழ்க்கையில் ஒரு நாளும் சொன்னதில்லை. போகல என்பார். காது தேடுகிற சொல் காகிதத்தில் இல்லாவிட்டால் எத்தனை நிமிடம் காத்திருந்து என்ன பிரயோசனம்? அதனால் அவரையே சொல்லச் சொல்லி, சொன்னது சொன்னபடி எழுதினேன்: 'நேத்து மழை. வேலைக்குப் போகல. கூரை ஒழுகுது.' புரூஃப் பார்க்கிறவன் கையால் 'நேத்து' என்று எழுதுவது சாதாரணமாக இல்லை. எழுதினேன். தன்னுடைய வாக்கியத்தைத் தானே படித்தார். அது தெரிந்த பிறகு, பக்கத்தில் 'நேற்று' என்று எழுதி, "இது அதேதான், வெளியே போகும்போது போட்டுக்கிற சட்டை" என்றேன். இப்போது இரண்டையும் படிக்கிறார்.

எல்லோரும் தேறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பாதிப் பேருக்கு மேல் நின்றுவிட்டார்கள். வேலை நேரம் மாறியது, வீட்டில் நோய், மருமகள் சிரித்தாள் என்று ஒருவர். கையெழுத்துப் போட வந்ததும் போதும் என்று போனவர்களும் உண்டு. கையெழுத்து வேறு, படிப்பு வேறு. இருபது வருடமாக அழகாகக் கையெழுத்துப் போடும் ஒருவரிடம் அவர் பெயரின் இரண்டாவது எழுத்தைக் காட்டச் சொன்னேன். தெரியவில்லை. அவருக்கு அது ஒரு கோலம், ஒரே இழுப்பில் வரைந்துவிடுவார். உலகத்தில் இன்றைக்கும் 70 கோடிக்கு மேற்பட்ட பெரியவர்களுக்கு அடிப்படை எழுத்தறிவு இல்லை, அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பெண்கள் என்று யுனெஸ்கோ சொல்கிறது. 1967-லிருந்து ஒவ்வொரு செப்டம்பர் 8-ம் தேதியும் உலக எழுத்தறிவு நாள் கொண்டாடுகிறோம். அந்த நாளில் மட்டும் எங்களைத் தேடிப் புகைப்படம் எடுக்க வருகிறார்கள். மற்ற நாட்களில் எதிரே உட்கார ஆள் இல்லை. ஒருவருக்கு ஒருவர் உட்கார வேண்டிய வேலை இது. இருபது பேருக்கு நான் ஒருவன் நின்றால், யாருக்காகவும் முப்பது வரை எண்ண முடியாது. படிக்கத் தெரிந்த, வாரத்தில் இரண்டு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்காரத் தெரிந்த யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாம். தமிழாசிரியராக இருக்க வேண்டியதில்லை.

போன மாதம் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் புதிதாக வந்து சேர்ந்தாள். நல்ல ஆர்வம். மூட்டை தூக்கும் அண்ணனுக்கு எதிரே உட்காரச் சொன்னேன். அன்றைக்கு அவர் தன் கிடங்குச் சீட்டையே கொண்டுவந்திருந்தார், யாரோ அவசரமாகப் பேனாவால் கிறுக்கியது. அச்செழுத்தில் இருந்து கையெழுத்துக்குப் போவது இன்னொரு மலை. விரலை வைத்தார். "மே... மேற்... மேற்கு..." அடுத்த சொல்லில் நின்றுவிட்டது. "வா... ச..." மறுபடியும். உதடு அசைகிறது. அந்தப் பெண் பாவம் பார்த்துச் சொல்லிவிடப் போகிறாள் என்று தெரிந்தது. நான் எழுந்து போவதற்குள், பக்கத்தில் தன் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்த அக்கா கையை நீட்டி அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பொறும்மா" என்றார். "வந்துக்கிட்டிருக்கு."